பந்தும் பத்திரமும் – 14: டி ஸ்டெஃபனோ யாருக்குச் சொந்தம்?

அல்ஃபிரெதோ டி ஸ்டெஃபனோவைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் அவர் அணிந்த சட்டைகளை எண்ணிக் காட்டித்தான் தொடங்குகிறார்கள். புவெனஸ் அயர்ஸில் ரிவர் பிளேட், இடையில் ஒரு வருடம் உராக்கான், பொகோட்டாவில் மில்யோனாரியோஸ், பிறகு 11 பருவங்கள் ரியல் மாட்ரிட், கடைசி இரண்டு பருவங்கள் எஸ்பான்யோல். நாடுகளை எண்ணினால் அர்ஜென்டினாவுக்கு 6 ஆட்டம், ஸ்பெயினுக்கு 31 ஆட்டம், நடுவே ஃபிஃபாவின் கணக்கில் ஏறாத சில ஆட்டங்கள் கொலம்பியாவுக்கு. இவ்வளவு நீளமான பட்டியலைப் பார்த்ததும் மனம் இரண்டில் ஒரு முடிவுக்குத் தாவுகிறது: ஓரிடத்தில் நிலைகொள்ளாத நாடோடி, அல்லது காசு கொடுத்தவர் பக்கம் சாய்ந்த கூலிப்படைக்காரர். இரண்டும் அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். இந்தப் பகுதி அவர் குணத்தை விட்டுவிட்டுப் பத்திரங்களைப் பார்க்கப்போகிறது. டி ஸ்டெஃபனோ எல்லை தாண்டிய இரண்டு பெரிய தருணங்களிலும், ஓர் ஆட்டக்காரன் யாருடைய உடைமை என்ற கேள்விக்கு இரு தரப்பும் இருவேறு பதில் வைத்திருந்தன. அந்த இடைவெளி திறந்திருந்தபோது அவர் நகர்ந்தார். அது மூடிக்கிடந்தபோது, உலகின் தலைசிறந்த முன்கள வீரராக இருந்தும், இருந்த இடத்திலேயே இருந்தார். அவர் பயணங்களை விளக்க அவருடைய சுபாவத்தைவிட இந்தக் கணக்கே அதிகம் உதவுகிறது.

அந்தக் காலத்து ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அர்ஜென்டினாவில் 1931-இல் தொழில்முறைக் கால்பந்து முறையாகத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு கிளப்பில் கையெழுத்திட்டவரின் பதிவு அந்தக் கிளப்பின் சொத்து. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பதிவு முடிவதில்லை. கிளப் விரும்பினால் விற்கலாம், இரவல் தரலாம், விற்காமல் வைத்துக்கொண்டு உட்காரவும் வைக்கலாம். விற்றால் வரும் மாற்றுத்தொகை கிளப்பின் பெட்டிக்குப் போகும். ஆட்டக்காரர் கேட்கக்கூடியது சம்பளத்தை மட்டும்தான். அதையும் வேறு கிளப்புக்குப் போய்விடுவேன் என்று சொல்லி உயர்த்திக் கேட்க முடியாது, போக முடியாதே! 1926 ஜூலை 4-இல் புவெனஸ் அயர்ஸின் பர்ராகாஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தின் வழியில் பிறந்த டி ஸ்டெஃபனோ இந்த ஏற்பாட்டுக்குள்தான் நுழைந்தார். 1945-இல் ரிவரின் முதல் அணிக்காக ஆடினார். சென்ற பகுதிகளில் நாம் பார்த்த அந்தப் புகழ்பெற்ற முன்வரிசையில், அதோல்ஃபோ பெதெர்னேரா இருக்கும்வரை, நடுவில் இன்னொருவருக்கு இடமில்லை. எனவே 1946-இல் உராக்கானுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அங்கே 10 கோல் அடித்தார். அவரை விலைக்கு வாங்கும் வசதி உராக்கானுக்கு இல்லாததால் திரும்பி வந்தார். அந்தப் போக்கையும் வரவையும் அவரிடம் யாரும் கேட்டுச் செய்யவில்லை.

பெதெர்னேராவை ரிவர் அந்த ஆண்டின் இறுதியில் அத்லாந்தா கிளப்புக்கு விற்றதும் இடம் காலியானது. 1947-இல் டி ஸ்டெஃபனோ 27 கோல் அடித்து லீக்கின் முதல் கோல்காரராக வந்தார், ரிவர் பட்டம் வென்றது. அந்த ஆண்டின் இறுதியில் எக்வதோரின் குவயாகில் நகரில் நடந்த தென்னமெரிக்கப் போட்டியில் அர்ஜென்டினாவுக்காக 6 ஆட்டங்களில் 6 கோல். அவற்றில் மூன்று கொலம்பியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அடித்தவை. வயது 21. இன்றைக்கு ஒரு இளைஞர் இப்படி ஒரு வருடம் ஆடினால் அடுத்த கோடையில் அவர் சம்பளம் எத்தனை மடங்கு ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1948-இல் அவருக்குக் கிடைத்ததோ ஒரு வேலைநிறுத்தம்.

1944-இல் தொடங்கப்பட்ட ஆட்டக்காரர் சங்கம் கேட்டவை புரட்சிகரமானவை என்று சொல்ல முடியாது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும், ஒப்பந்தத்தில் ஆட்டக்காரருக்கும் ஓரளவு சுதந்திரம் வேண்டும். கிளப்புகள் இழுத்தடித்தன. 1948 நவம்பரில் ஆட்டக்காரர்கள் ஆடுவதை நிறுத்தினார்கள். லீக்கின் கடைசிச் சுற்றுகளை கிளப்புகள் தொழில்முறை சாராத இளைஞர்களை வைத்து ஆடி முடித்தன. இந்தெபெந்தியெந்தே பட்டம் வென்றது. மறு ஆண்டு ஒரு சமரசம் வந்தபோது சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது, கூடவே சம்பளத்துக்கு மாதம் 1500 பெசோ என்று ஒரு உச்சவரம்பும் வந்தது. வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சட்டென்று கடந்துபோய்விடுகிறார்கள். என் கணிப்பில் பொகோட்டாவுக்குப் போகும் வழியைத் திறந்துவிட்டதே இந்த உச்சவரம்புதான். வேலைநிறுத்தம் முன்னணி ஆட்டக்காரர்களைக் கோபப்படுத்தியது, உச்சவரம்பு அவர்களுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியது: அரங்கம் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், 27 கோல் அடித்தாலும் 7 கோல் அடித்தாலும், இதற்கு மேல் இங்கே வராது. ரிவரின் முன்கள வீரர் ஹோசே மனுவேல் மொரேனோ சிலிக்குப் போனார். மற்றவர்கள் வடக்கே பார்த்தார்கள்.

கொலம்பியாவில் அப்போது நடந்துகொண்டிருந்தது விசித்திரமான ஒன்று. 1948 ஏப்ரல் 9-இல் ஹோர்ஹே எலியேசர் காய்த்தான் என்ற மக்கள் தலைவர் பொகோட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைநகரம் கலவரத்தில் எரிந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஆகஸ்டில், நாட்டின் முதல் தொழில்முறை லீக் தொடங்கியது. நடத்தியது திமாயோர் என்ற புதிய அமைப்பு. ஏற்கெனவே ஃபிஃபாவின் அங்கீகாரம் பெற்றிருந்த அதெஃபுட்போல் என்ற பழைய அமைப்புக்கும் இதற்கும் சண்டை மூண்டு, கடைசியில் கொலம்பியத் தொழில்முறைக் கால்பந்து ஃபிஃபாவின் குடைக்கு வெளியே தள்ளப்பட்டது. தள்ளியவர்கள் அதைத் தண்டனை என்று நினைத்தார்கள். லீக்கோ அதையே முதலாக்கிக்கொண்டது. ஃபிஃபாவுக்கு வெளியே இருப்பவருக்கு ஃபிஃபாவின் பதிவு விதிகள் பொருந்தா. ரிவர் கையில் வைத்திருந்த பதிவுச்சீட்டு பொகோட்டாவில் வெறும் காகிதம். ஒரு ஆட்டக்காரரை எடுக்க அவருடைய பழைய கிளப்புக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. மில்யோனாரியோஸின் தலைவர் அல்ஃபோன்ஸோ சென்யோர் இதன் பொருளைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். 1949-இல் பெதெர்னேரா பொகோட்டாவுக்கு வந்தார். அந்த ஆகஸ்டில் டி ஸ்டெஃபனோவும் நடுக்கள வீரர் நெஸ்தர் ரோஸியும் பின்தொடர்ந்தார்கள். ரிவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

இங்கேதான் முதல் எதிர்வாதம் வருகிறது, வலுவாகவே வருகிறது. எப்படிச் சுற்றிச் சொன்னாலும் இவர் காசுக்காகத்தானே போனார்? ஆம், காசுக்காகத்தான். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரி தெரியும். 1949-இன் கொலம்பியா தென்னமெரிக்காவின் பணக்கார நாடு இல்லை. காபி ஏற்றுமதியும் நகரத்து நுழைவுச்சீட்டு வசூலும் புவெனஸ் அயர்ஸின் வசூலை விஞ்சிவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொகோட்டா கிளப்புகளால் பெரிய சம்பளம் தர முடிந்ததற்கு முதன்மையான காரணம் மாற்றுத்தொகை என்ற செலவு அவர்களுக்கு இல்லாததுதான். வேறு எந்த நாட்டில் என்றாலும் ரிவரின் பெட்டிக்குப் போயிருக்க வேண்டிய தொகை, பொகோட்டாவில் ஆட்டக்காரரின் கைக்கு வந்தது. இதை இன்னொரு விற்பனையோடு ஒப்பிட்டால் தெளிவாகும். 1957-இல் ஓமர் சீவொரியை ரிவர் இத்தாலியின் யுவென்டஸுக்கு ஒழுங்காக, ஃபிஃபா விதிப்படி விற்றது. அந்தப் பணத்தில், குதிரை லாடம் போல ஒருபுறம் திறந்து கிடந்த தன் அரங்கத்தைக் கட்டி மூடியது. அந்தப் பக்கத்துக்குச் சீவொரியின் பெயரையே சூட்டியது. ஒரே கிளப், ஒரே மாதிரித் திறமை, எட்டு ஆண்டு இடைவெளி. ஒன்றில் ஆட்டக்காரரின் மதிப்பு சிமெண்டாக மாறி அரங்கத்தில் நிற்கிறது. இன்னொன்றில் அது அவருடைய சம்பளமாகவே வந்தது. டி ஸ்டெஃபனோவைப் பேராசைக்காரர் என்பவர்கள், சீவொரியை விற்ற கிளப்பை அந்தச் சொல்லால் குறிப்பதில்லை. யார் எடுத்தால் வருமானம், யார் எடுத்தால் பேராசை என்பதில் நம்மிடம் பழைய முதலாளியின் பார்வையே தங்கிவிட்டது.

கொலம்பியா அவருக்குப் பணம் மட்டும் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரிவரில் பெதெர்னேரா போன பிறகுதான் இவருக்கு இடம் கிடைத்தது; பொகோட்டாவில் இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களோடு முட்டிக்கொண்டு நிற்காமல் பின்னால் இறங்கி வந்து ஆட்டத்தை நடத்தும் சென்டர் ஃபார்வர்ட் என்ற கலையில் பெதெர்னேராதான் அந்தத் தலைமுறையின் ஆசான். வேகமும் கோலும் மட்டுமே அடையாளமாக இருந்த இளைஞர், தன் தண்டப் பகுதியில் பந்தைப் பறித்து, நடுக்களத்தில் கைமாற்றி, எதிர்முனையில் தானே வலைக்குள் தள்ளுகிற முழுமையான ஆட்டக்காரராக முதிர்ந்ததில் அந்த ஆண்டுகளுக்கு ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். நீலச் சட்டை அணிந்த மில்யோனாரியோஸ் 1949, 1951, 1952 ஆண்டுகளின் பட்டங்களை வென்றது. இங்கிலாந்திலிருந்து நீல் ஃப்ராங்க்ளின், ஜார்ஜ் மவுண்ட்ஃபோர்ட், சார்லி மிட்டன் போன்றவர்கள்கூட எதிர்க்கிளப்பான சாந்தா ஃபேவுக்கு வந்தார்கள். அவர்கள் நாட்டிலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. அங்கேயும் பதிவு கிளப்பின் சொத்து. வேறு மொழி, வேறு கண்டம், நோய் ஒன்றே. டி ஸ்டெஃபனோவின் பயணம் அவருடைய தனிப்பட்ட சுபாவத்தால் நடந்தது என்றால், அதே இரண்டு ஆண்டுகளில் இத்தனை நாட்டவர்களுக்கும் அதே சுபாவம் எப்படி வந்தது?

இந்தக் கதவை மூடியது 1951 அக்டோபரில் லிமாவில் எட்டப்பட்ட உடன்பாடு. கொலம்பியாவை ஃபிஃபா மீண்டும் சேர்த்துக்கொள்ளும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொலம்பியக் கிளப்புகள் 1954 அக்டோபர் வரை வைத்துக்கொள்ளலாம். அதன்பின் அவர்கள் தங்கள் பழைய கிளப்புக்கே திரும்ப வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஆட்டக்காரர்கள் யாரும் இல்லை. சமாதானம் என்ற பெயரில் அங்கே நடந்தது ஒரு சொத்துப் பிரிவினை: இன்ன தேதி வரை உனக்கு, அதற்குப் பிறகு எனக்கு. குத்தகைப் பத்திரத்தில் நிலத்தை எழுதுவதுபோல ஒரு மனிதரின் காலத்தை இரண்டாக எழுதினார்கள். அதன் பலன் இரண்டு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் வெடிக்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1952 மார்ச்சில் ரியல் மாட்ரிட் தன் 50-ஆம் ஆண்டு விழாவுக்கு மில்யோனாரியோஸை அழைத்தது. விருந்தாளிகள் 4-2 என்று விருந்து வைத்தவர்களை வென்றார்கள். மாட்ரிட்டின் தலைவர் சாந்தியாகோ பெர்னபேயு அந்த முன்கள வீரரை மறக்கவில்லை. பார்சிலோனாவும் அவர்மீது கண் வைத்தது. பார்சிலோனா ரிவரோடு பேசியது: 1954 அக்டோபருக்குப் பிறகு அவர் ரிவரின் சொத்து. மாட்ரிட் மில்யோனாரியோஸோடு பேசியது: அதுவரை அவர் மில்யோனாரியோஸின் சொத்து. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. லிமாவின் வாசகப்படி இருவரும் வாங்கியது உண்மையான உரிமைதான்; ஆனால் பாதி உரிமை. 1953 மே மாதம் டி ஸ்டெஃபனோ குடும்பத்தோடு பார்சிலோனா வந்து இறங்கினார், நட்பு ஆட்டங்கள் சிலவற்றில் அந்தக் கிளப்பின் சட்டையையும் அணிந்தார். மில்யோனாரியோஸின் சம்மதம் இல்லாததால் லீக்கில் ஆட அனுமதி வரவில்லை. செப்டம்பரில், ஸ்பானியக் கூட்டமைப்பின் முன்னாள் தலைவர் அர்மாந்தோ முன்யோஸ் கலேரோ நடுவராக இருந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். நான்கு பருவங்கள், முதலாவதும் மூன்றாவதும் மாட்ரிட்டுக்கு, இரண்டாவதும் நான்காவதும் பார்சிலோனாவுக்கு. பிள்ளைக்குச் சண்டையிட்ட இரு தாய்மாருக்குச் சாலமன் சொன்ன தீர்ப்பைப் பலரும் இதற்கு உவமை சொல்வதுண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. சாலமன் உண்மையான தாயைக் கண்டுபிடிக்கத்தான் வாளைக் கேட்டார். இங்கே வாளைக் கேட்டவர்கள் நிஜமாகவே வெட்ட ஆயத்தமாக இருந்தார்கள். பார்சிலோனாவில் கொந்தளிப்பு எழுந்தது, தலைவர் என்ரிக் மார்த்தி கரேத்தோ பதவி விலகினார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர்கள், செலவழித்த பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தங்கள் பாதியை மாட்ரிட்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது, கத்தலோனியாவில் இன்றும் உரக்கக் கேட்கிறது: இதில் பத்திரமாவது உரிமையாவது, சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி தன் தலைநகரத்துக் கிளப்புக்காக ஆட்டக்காரரைப் பிடுங்கிக் கொடுத்தது. இதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ள முடியாது. ஸ்பெயினின் விளையாட்டு அப்போது அரசின் ஒரு துறை, அதன் தலைவர் ஹோசே மொஸ்கார்தோ ஒரு ராணுவத் தளபதி. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த அந்தக் கோடையில்தான் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது. தீர்ப்பு சொன்னவரும் அந்த அமைப்பைச் சேர்ந்தவர். இவற்றையெல்லாம் தற்செயல் என்று கண்ணை மூடிக்கொள்வது வரலாறு எழுதுகிறவருக்கு அழகல்ல. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் எடை இருக்கிறது. 1939-இல் ஃபிராங்கோ வென்றதிலிருந்து 1953 வரை ரியல் மாட்ரிட் ஒருமுறைகூட லீக் பட்டம் வெல்லவில்லை. அதன் கடைசிப் பட்டம் 1933-இல். அதே காலத்தில் பார்சிலோனா பலமுறை வென்றது, 1952-இலும் 1953-இலும் அதுதான் பட்டக்காரர். தடை சட்டமாக நின்றிருந்தால் மாட்ரிட்டுக்கும் அவர் கிடைத்திருக்க மாட்டார். தீர்ப்பு பார்சிலோனாவுக்கு இரண்டு பருவங்களைக் கொடுத்தது. அதை அவமானம் என்று கருதித் துறந்தது பார்சிலோனா. எல்லாவற்றுக்கும் முன்பு, மில்யோனாரியோஸ் கையில் இருந்த பாதியை வாங்காமல் ரிவரின் பாதியே போதும் என்று நம்பியதும் பார்சிலோனாதான். அரசின் கை உள்ளே நீண்டது என்று ஒப்புக்கொள்கிறேன். கை நுழையும்படி ஓட்டை போட்டது லிமா. ஒரே ஒரு கேள்வியை, இந்த மனிதருக்கு எங்கே ஆட விருப்பம் என்பதை, எந்தத் தரப்பும் சட்டப்படி கேட்க வேண்டிய அவசியம் இல்லாத ஏற்பாட்டில் அதிகாரம் உள்ளவர் நுழைவது எளிது.

மாட்ரிட்டில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த அக்டோபரில் பார்சிலோனாவை 5-0 என்று வீழ்த்தியதில் தொடங்கி, முதல் பருவத்திலேயே 21 ஆண்டு வறட்சி தீர்ந்தது. மொத்தம் 8 லீக் பட்டங்கள். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 5 ஐரோப்பியக் கோப்பைகள், ஐந்து இறுதியாட்டங்களிலும் அவர் கோல் அடித்தார். 1960-இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் அரங்கத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டை 7-3 என்று வென்ற ஆட்டத்தில் அவருக்கு மூன்று, ஃபெரென்ஸ் புஷ்காஷுக்கு நான்கு. 1957-இலும் 1959-இலும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து. ஆனால் இந்த அணி எப்படிச் சேர்ந்தது என்பதை நம் கேள்வியோடு வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. புஷ்காஷ் 1956-இல் ஹங்கேரிக்குத் திரும்ப மறுத்து, தடைவிதிக்கப்பட்டு, எந்தக் கிளப்பும் தொடத் தயங்கியவர்; தடை தீர்ந்த பிறகு 31 வயதில் மாட்ரிட் எடுத்தது. 1956 இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்த ஹெக்தர் ரியால், டி ஸ்டெஃபனோவைப் போலவே பொகோட்டாவின் விதிமீறிய லீக்கில் ஆடியவர். எதிர்முகாமில் பார்சிலோனாவின் லாஸ்லோ குபாலாவும் இரும்புத்திரைக்கு அப்பாலிருந்து தப்பி வந்து, பதிவில்லாமல் அலைந்து, ஸ்பெயினில் கரைசேர்ந்தவர். ஒழுங்காக விலை கொடுத்து ஒழுங்கான கிளப்பிலிருந்து வாங்கப்பட்ட ரேமோன் கோப்பா போன்றவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பத்தாண்டின் ஸ்பானியக் கால்பந்தின் உச்சியில் நின்றவர்களில் பலர் பதிவேட்டின் கிழிசல்கள் வழியாக வந்தவர்கள். அவர்கள் எல்லோருமே நாடோடிகள் என்று சொல்வது அகதியையும் வேலைநிறுத்தக்காரரையும் சுற்றுலாப் பயணியையும் ஒரே வரிசையில் நிறுத்துவது.

மூன்றாவது எதிர்வாதம் நாட்டுப்பற்றாளர்களுடையது. ஊரிலேயே இருந்திருந்தால் உலகக் கோப்பை ஆடியிருப்பார். ஓடியதற்குத் தண்டனையாக அந்த மேடை அவருக்குக் கிடைக்கவில்லை. இதில் முக்கால்வாசி தேதிகளிலேயே விழுந்துவிடுகிறது. 1950-இல் அர்ஜென்டினா உலகக் கோப்பைக்குப் போகவில்லை, 1954-இலும் போகவில்லை. பிரேசில் கூட்டமைப்போடு இருந்த பகை ஒரு காரணம். சிறந்தவர்கள் பலர் கொலம்பியாவில் இருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது, அப்படியானால் அதன் வேர் மறுபடியும் 1948-க்கே போகிறது. ரிவரிலேயே 20 ஆண்டுகள் ஆடி, தேசத்தின் மாபெரும் கோல்காரர்களில் ஒருவராக நின்ற ஆங்கெல் லப்ரூனாவுக்கு முதல் உலகக் கோப்பை எப்போது கிடைத்தது தெரியுமா? 1958-இல், 39 வயதில். செக்கோஸ்லோவாக்கியாவிடம் 6-1 என்று தோற்ற அணியில். தங்கியவருக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

இருந்தாலும் மிச்சம் கால்வாசி உண்டு, அதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். டி ஸ்டெஃபனோவோடு பொகோட்டா போன ரோஸி பிறகு ரிவருக்குத் திரும்பினார், 1958-இல் ஸ்வீடனில் ஆடினார். திரும்பியிருந்தால் இவரும் ஆடியிருக்கலாம். அப்படியென்றால் பயணத்துக்கு ஒரு விலை இருந்தது, அதை அவர் தெரிந்தே கொடுத்தார். ஆனால் அந்த விலையை நிர்ணயித்தது யார்? வெளிநாடு போனவரை அழைப்பதில்லை என்ற அர்ஜென்டினக் கூட்டமைப்பின் போக்கு. 1957-இல் தென்னமெரிக்கப் பட்டத்தை வென்று கொடுத்த சீவொரி, மாஸ்கியோ, ஆஞ்சலீயோ மூவரும் அதே ஆண்டு இத்தாலிக்கு விற்கப்பட்டார்கள். அவர்களை விற்றவை அர்ஜென்டினக் கிளப்புகள், அவர்களை 1958-க்கு அழைக்காதது அர்ஜென்டினக் கூட்டமைப்பு. கிளப்பின் சம்மதத்தோடு போனவருக்கும் அதே கதவடைப்புத்தான் என்றால், டி ஸ்டெஃபனோ தண்டிக்கப்பட்டது ஓடியதற்காக என்ற வாதம் நிற்கவில்லை. 1956-இல் அவர் ஸ்பானியக் குடியுரிமை பெற்றார். 1957 ஜனவரியில் ஸ்பெயினுக்கான முதல் ஆட்டத்திலேயே நெதர்லாந்துக்கு எதிராக மூன்று கோல். 1958 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்திடம் ஒரு புள்ளியில் ஸ்பெயின் பின்தங்கியது. 1962-இல் சிலிக்குப் போன குழுவில் அவர் பெயர் இருந்தது, காயத்தால் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. இவை ஆட்டத்தின் தற்செயல்கள், யார்மீதும் பழி போட முடியாது. 1960-இல் நடந்தது அப்படியல்ல. முதல் ஐரோப்பிய நாடுகள் கோப்பையின் கால் இறுதியில் சோவியத் யூனியனோடு மோத வேண்டிய ஸ்பெயினை ஃபிராங்கோ மாஸ்கோவுக்கு அனுப்ப மறுத்தார். ஹாம்ப்டன் பார்க்கில் மூன்று கோல் அடித்த அதே மாதம், எந்த அணியிடமும் தோற்காமலேயே, டி ஸ்டெஃபனோ அந்தப் போட்டியிலிருந்து வெளியேறினார். தன் கிளப்புக்கு அவரைப் பிடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே ஆட்சி, தன் நாட்டு அணியில் அவரை ஆடவிடவில்லை. அரசியல் அவருக்குச் சாதகமாகவே இயங்கியது என்பவர்கள் இந்த ஆண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அவர் உடல்மீதே உரிமை கொண்டாடியவர்களும் உண்டு. 1963 ஆகஸ்டில் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில், மாட்ரிட் அணி தங்கியிருந்த விடுதியிலிருந்து ஆயுதப் புரட்சிக் குழு ஒன்று அவரைக் கடத்தியது. அவர்களுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, உலகச் செய்தித்தாள்களின் முதல் பக்கம் வேண்டியிருந்தது. கிடைத்ததும் சில நாள்களில் காயமின்றி விட்டுவிட்டார்கள். கடத்தல் கதைகள் இந்தத் தொடரின் வேலையில்லை என்பதால் மேலே போவோம். மறு ஆண்டு மே மாதம் வியன்னாவில் இன்டர் மிலானிடம் 3-1 என்று மாட்ரிட் இறுதியாட்டத்தில் தோற்றது. பயிற்சியாளர் மிகேல் முன்யோஸோடு உரசல். 38-ஐ எட்டப்போகிறவருக்கு பெர்னபேயு கிளப்பில் வேறு பொறுப்புத் தர முன்வந்தார். ஆட விரும்பியவர் மறுத்தார். போன இடம் பார்சிலோனா நகரம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவரை அடைய முடியாமல் போன கிளப்புக்கு அல்ல, அதன் உள்ளூர்ப் போட்டியாளரான எஸ்பான்யோலுக்கு. அழைத்தவர், அப்போது அங்கே இருந்த குபாலா. இந்த நகர்வு என் வாதத்துக்கு எதிரான சான்று என்று தோன்றலாம்: கடைசியில் சுயவிருப்பத்தில்தானே போனார்? போனார்தான். ஆனால் எப்போது என்று பாருங்கள். யாரும் அவருக்கு விலை வைக்காத வயதில். 282 லீக் ஆட்டங்களில் 216 கோல் அடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் மாட்ரிட்டிலிருந்து வேறெங்கும் போக வழி இல்லாதவருக்கு, விற்றால் தேறாது என்றானதும் கதவு திறந்தது. அப்போது ஸ்பெயினிலும் ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்துவைக்கும் உரிமை கிளப்புகளிடமே இருந்தது. அந்தப் பிடி தளர அவர் பயிற்சியாளராகி வெகுகாலம் ஆக வேண்டியிருந்தது.

இந்த நியாயத்தை ஒரு நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தவர்களில் ஒருவர் டி ஸ்டெஃபனோ அளவுக்குப் புகழ் பெற்றவர் இல்லை. நியூகாஸில் யுனைட்டட் தன்னை விடுவிக்க மறுத்ததால் 1960-இல் ஆடுவதையே நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போன ஜார்ஜ் ஈஸ்தாம் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் அவர். அவர் வழக்கில் 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவரைப் பதிவின் பெயரால் கட்டிவைப்பது தொழில் செய்யும் உரிமைக்குத் தடை என்றது. அந்த வழக்கையும், தீர்ப்புக்குப் பிறகும் கிளப்புகள் கண்டுபிடித்த புதிய கயிறுகளையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.